கல்லாவில் பேசுவதை எழுதுங்கள்

(மதுரையில் சிறுகடைக்காரர்களும் வீட்டிலிருந்தே தொழில் செய்வோரும் கூடிய அவையில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)



மதுரைக்காரர்களுக்கு விளம்பரத்தைப் பற்றிச் சொல்லித்தர வந்திருக்கிறேன் என்றால் நீங்களே சிரிப்பீர்கள். காதுகுத்துக்கும் சுவரொட்டி, கண்ணீர் அஞ்சலிக்கும் சுவரொட்டி என்று வாழ்கிற ஊர் இது. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் இந்த ஊர்க் கடைத்தெருவை வருணிக்கும்போது கள்ளுக்கடையில் பறந்த கொடியையும் விடாமல் சொல்கிறார். உள்ளே சரக்கு உண்டு என்பதற்கு அந்தக் கொடிதான் விளம்பரம். பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி என்று இரண்டு சந்தை நடத்தியவர்களுக்கு விற்கத் தெரியாது என்று யார் சொல்வது?

என் குறை வேறு. நாம் பேசி விற்பதில் கெட்டிக்காரர்கள். அதே நாம் பேனாவை எடுத்தால், இந்தக் காலத்தில் செல்போனை எடுத்தால், வேறு ஆளாகிவிடுகிறோம். பேருந்து நிலையத்தில் கையில் திணிக்கிற பிட் நோட்டீஸ் எதையாவது நின்று வாசித்துப் பாருங்கள். “தரமான பொருட்கள், நியாயமான விலை, கனிவான சேவை, ஒருமுறை வாருங்கள், மறுமுறை நீங்களே வருவீர்கள்.” அது பாத்திரக் கடையா, பல் மருத்துவமனையா, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியா? மேலே இருக்கிற பெயரைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. எதிர்க்கடைக்காரரும் அதையே அச்சடித்துக் கொடுக்கலாம், கொடுக்கவும் செய்கிறார். பெயரையும் முகவரியையும் நாம் சொன்னால் போதும், மீதியை அச்சகத்திலேயே போட்டுத் தந்துவிடுகிறார்கள்.

இப்போது அச்சகத்தின் அந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொண்டிருக்கிறது. “பாரம்பரியமும் நவீனமும் கைகோர்க்கும் தருணம்” என்று ஒரு நொடியில் எழுதித் தருகிறது. யார் கேட்டாலும் அதையேதான் தருகிறது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள் கடையைப் பற்றி நீங்கள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை; பாவம், அது வேறென்ன எழுதும்?

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளரிடம் என்ன பேசுகிறீர்களோ, அதையே எழுதுங்கள். எழுதுவதற்கென்று தனியாக ஒரு சரக்கைத் தேட வேண்டியதில்லை.

தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சேலைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அம்மா உள்ளே வருகிறார்.

“வாங்கக்கா. உங்களுக்கா, யாருக்கும் குடுக்கவா?”

“மகளுக்குய்யா. சென்னையில வேலைக்குப் போகுது.”

“அப்ப இதப் பாருங்க. மெல்லிசு, வெயிலுக்குக் கசகசன்னு இருக்காது. இது பிரிண்ட்டுக்கா, நானூத்திச் சொச்சம். அந்தா அங்கிட்டு இருக்கு பாருங்க, அது கைமுடிச்சு. வெல கூடத்தான். ரெண்டு மூணு அலசு சாயம் போகும், தனியா உப்புத் தண்ணியில போட்டு எடுங்க. நெழல்ல காயப்போடுங்க. வெயில்ல போட்டுட்டு அப்பறம் நம்மள வையக் கூடாது.”

அந்த அம்மா அங்கேயே பாதி வாங்கிவிட்டார். கடைக்காரர் என்னென்ன செய்தார் என்று பாருங்கள். யாருக்கு என்று கேட்டார். பிரிண்டைப் பிரிண்ட் என்றார். விலை கூடியதை ஒளிக்கவில்லை. சாயம் போகும் என்று தன் சரக்கின் குறையைத் தானே சொன்னார். சரி, இதே கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்ப்போம். “அசல் மதுரைச் சுங்குடி! பாரம்பரியத்தின் அடையாளம்! கண்கவர் டிசைன்கள்! இன்றே முந்துங்கள்!” நாலு ஆச்சரியக்குறி இருக்கிறது. கல்லாவில் பேசியதில் ஒரு வார்த்தை இல்லை.

சுங்குடியை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் உண்மையாக எழுதினால் லாபம், மழுப்பினால் நட்டம் என்பது இந்தச் சரக்கில்தான் பளிச்சென்று தெரியும். நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியமர்ந்த சௌராஷ்டிர மக்களின் கைவேலை இது. வெள்ளைப் பருத்தித் துணியை மடித்து, புள்ளி விழ வேண்டிய இடத்தைக் குறித்து, அந்த இடத்தைக் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கிக் கட்டுகிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டு வேலைக்கு நடுவே செய்யும் பெண்கள். பிறகு சாயத்தில் முக்குவார்கள். ஒரு காலத்தில் சாயம் தோய்த்த சேலைகளை வைகை மணலில் விரித்துக் காயப்போட்டார்கள். முடிச்சைப் பிரித்தால் கட்டியிருந்த இடம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். ஒரு புள்ளி இன்னொரு புள்ளி போல இருக்காது. கொஞ்சம் கோணல், ஓரத்தில் கொஞ்சம் மங்கல். தடவிப் பார்த்தால் அந்த இடத்தில் சின்னச் சுருக்கம். அச்சுச் சேலையில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, ஒரே வரிசை.

2005ஆம் ஆண்டு மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் சந்தையில் பெரும்பகுதி அச்சுக்கும் மெழுகு வேலைக்கும் போய்விட்டது. முடிச்சுப் போடும் கைகள் குறைந்தன. காரணம் எளிது, அந்தக் கூலியில் காலம் தள்ள முடியவில்லை. அச்சுச் சேலை விற்பதை நான் குறை சொல்ல மாட்டேன். நானூறு ரூபாய்ச் சேலைதான் பல வீடுகளுக்குக் கட்டுபடியாகும். அது நல்ல சேலையும்கூட. எல்லாவற்றின் மேலும் ‘அசல்’ என்று ஒரே சீட்டை ஒட்டுகிறோமே, அதுதான் கேடு. கைமுடிச்சுக்கு ஏன் இத்தனை மடங்கு விலை என்று வாங்குகிறவருக்குத் தெரியாமல் போகிறது. தெரியாவிட்டால் மலிவானதைத்தான் வாங்குவார். முடிச்சுப் போடும் இன்னொரு கையும் வேலையை விடும்.

சரி, என்ன எழுதலாம்? “இந்த வாரம் எங்களிடம் கைமுடிச்சுச் சேலை ஆறு இருக்கிறது. புள்ளிகள் ஒரே அளவில் இருக்காது, துணியில் சுருக்கம் இருக்கும்; அது பழுது அல்ல, கையால் கட்டியதன் தடம். இஸ்திரி போட்டால் சுருக்கம் போய்விடும், போடாமல் கட்டிப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று அலசலில் சாயம் இறங்கும். பிரிண்ட் சேலை வேண்டுமென்றால் அதுவும் உண்டு, அலமாரியில் தனியாக வைத்திருக்கிறோம்.” இவ்வளவுதான். இதில் அலங்காரமாக ஒரு வார்த்தை இல்லை. ஆனால் எதிர்க்கடைக்காரர் இதை நகல் எடுத்தால் மாட்டிக்கொள்வார், அவரிடம் அந்த ஆறு சேலை இல்லை.

இதில் இன்னொரு குணமும் இருக்கிறது. வாடிக்கையாளர் வந்து தொட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். ‘உலகத்தரம்’ என்பதை யார், எங்கே போய்ச் சரிபார்ப்பது?

மதுரைக்கு இது புதிது அல்ல. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் இந்த ஊரில் தொழில் தொடங்கியவர். அவருடைய பேருந்துகளைப் பற்றிப் பழைய ஆட்கள் ஒன்று சொல்வார்கள்: டி.வி.எஸ். வண்டி கடந்து போனால் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். சாலையில் கிடக்கும் லாட ஆணி குத்தி டயர் பஞ்சராகாமல் இருக்க, காந்தம் பொருத்திய வண்டியை முன்னே ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்றும் சொல்வார்கள். அந்தக் கம்பெனிக்குக் கால அட்டவணையைவிட நல்ல விளம்பர வாசகம் இருந்திருக்குமா? ‘காலை இத்தனை மணிக்கு’ என்று பலகையில் எழுதுகிறவர் ஊரையே தன்னைச் சோதிக்கக் கூப்பிடுகிறார். நம் மெஸ் வாசலில் ‘சுவையான மதிய உணவு’ என்று எழுதுவதைவிட, ‘பன்னிரண்டரைக்கு முதல் பந்தி, மூன்றரைக்குமேல் மீன் குழம்பு இருக்காது’ என்று எழுதுங்கள். மூன்று மணிக்கு ஓடி வருவார்கள்.

அடுத்தது, யாருக்காக எழுதுகிறோம் என்பது. இங்கே நான் கடைத்தெருவை விட்டு அண்ணா நகர் பக்கம் வருகிறேன். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று அது எங்கே நிற்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆரம்பத்தில் அவர்கள் கண்ட ஒரு விஷயம் நம் எல்லாருக்கும் பாடம். கண்புரை அறுவை இலவசம் என்று சொன்னாலும் கிராமத்தில் பலர் வரவில்லை. ஏன்? அறுவைக்குப் பணம் கட்ட வேண்டாம்தான். போய்வரப் பேருந்துச் செலவு? சாப்பாடு? கூட வர ஆள் யார்? அந்த ஆளின் கூலி என்னாவது? கண்ணில் கத்தி வைப்பார்களே என்ற பயம் வேறு. அவர்கள் முகாமிலிருந்தே பேருந்தில் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, தங்கவைத்து, திரும்பக் கொண்டுவந்து விட ஏற்பாடு செய்தார்கள். 

இந்தப் பக்கக் கிராமங்களில் கண் முகாம் நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பள்ளிக்கூடம், என்ன கிழமை, எத்தனை மணி, தேர்வானவர்களை எப்படி அழைத்துப் போவார்கள், எப்போது திரும்ப விடுவார்கள், சாப்பாடு உண்டா என்று விவரமாக இருக்கும். எழுத்து நயம் ஒன்றும் இருக்காது. படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பேரன் வாசித்துக் காட்டினால், பாட்டி கேட்கக்கூடிய எல்லாக் கேள்விக்கும் அதில் பதில் உண்டு. மருத்துவமனை எவ்வளவு பெரியது என்று அந்த நோட்டீஸ் நீட்டி முழக்குவதில்லை. வருகிறவருக்கு என்ன தடை என்று யோசித்து எழுதியது அது.

உங்கள் வாடிக்கையாளருக்கு என்ன தடை? ஜாக்கெட் தைக்கிற சகோதரிகள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் வரத் தயங்குகிறவர் உங்கள் தையல் நேர்த்தியைச் சந்தேகிக்கவில்லை. சொன்ன தேதிக்குத் தருவீர்களா என்பதுதான் அவருடைய கவலை. முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி பட்டன் வைக்காத ஜாக்கெட்டோடு அழுதவர் எத்தனை பேர்! (சிரிப்பு) ஆகவே ‘லேட்டஸ்ட் டிசைன்’ என்று எழுதாமல், “வைகாசி முகூர்த்தத்துக்கு இனி புது ஆர்டர் எடுக்கவில்லை, கையிலிருப்பதை முடிக்க வேண்டும்” என்று எழுதிப் பாருங்கள். வேலை எடுக்கவில்லை என்று சொல்கிற அந்த ஒரு வரி உங்களுக்கு ஆவணி முகூர்த்த வேலையைக் கொண்டுவரும்.

விலையைப் பற்றியும் எழுதத் தயங்குகிறோம். ‘விலைக்கு இன்பாக்ஸ் செய்யவும்’ என்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வாக்கியம். பூக்காரர்களைப் பாருங்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு வந்தது. உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைத் தோட்டங்களிலிருந்து விடிகாலையில் மாட்டுத்தாவணிக்கு மொட்டாக வருகிறது, சாயங்காலம் விரிகிறது. பனி விழத் தொடங்கினால் செடி பூப்பது குறையும். தை முகூர்த்தங்களோ நெருங்கும். கோடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கிலோ, அப்போது சில ஆயிரத்துக்கு ஏறிவிடும். பூக்கார அக்கா இதை ஒளிப்பதே இல்லை. “பனிம்மா, பூவே வரல” என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். கூடவே, “இப்ப வைக்கவா, ராத்திரிக்கா?” என்று கேட்டு, அதற்குத் தக்கபடி விரிந்ததையோ மொட்டையோ எடுத்துத் தருகிறார். 

கல்யாண மாலை கட்டுகிறவர்கள் இதையே எழுதலாம். “தை முகூர்த்தத்துக்குப் பூ விலையை இன்றே சொல்ல முடியாது, சொன்னால் அது பொய். கட்டுக்கூலி இவ்வளவு, அது மாறாது. பூ விலையை அன்றைய சந்தை விலைப்படி தனியாகப் பில்லில் காட்டுவோம்.” பெண்ணைப் பெற்றவருக்கு இதைவிட ஆறுதலான எழுத்து உண்டா?

வெளியூர், வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பொருளைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. இதுவும் பழைய கதைதான். எஸ்.எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்குவதற்கு முன் அஞ்சல் வழி வியாபாரமும் விளம்பர ஏஜென்சியும் நடத்தியவர். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம், எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்துப் பத்திரிகையின் பெயரை வாங்கினார் என்பார்கள். எழுத்துக்கு என்ன விலை என்று அறிந்த மனிதர்! அஞ்சலில் வாங்குகிறவர் எழுத்தை நம்பித்தான் பணம் அனுப்ப வேண்டும். இன்று உங்கள் வாட்ஸ்அப் கேட்டலாக்கும் அதே நிலைமையில் இருக்கிறது. ஆகவே நீளம், அகலம், எடை, துணியின் கனம் எல்லாம் எழுதுங்கள். படம் நீங்களே எடுங்கள், மொட்டை மாடியில், காலை வெளிச்சத்தில். சூரத் கம்பெனியின் மாடல் பெண் கட்டியிருக்கும் படத்தைப் போட்டுவிட்டு வேறு சேலையை அனுப்பினால், அடுத்த பார்சல் போகாது. “படத்தில் அரக்கு, நேரில் கொஞ்சம் கறுப்புத் தட்டும்” என்று ஒரு வரி சேர்த்தால் திரும்பி வரும் பார்சல் குறையும்.

பண்டிகை வாழ்த்துப் படங்களைப் பற்றி ஒன்றே ஒன்று. பொங்கலன்று எனக்கு வருகிற படங்களில் ஒரே பானை, ஒரே கரும்பு. கீழே கடைப் பெயர் மட்டும் வேறு. அந்த நேரத்தில் ‘பொங்கலுக்கு மறுநாள் கடை உண்டா, இல்லையா’ என்று ஒரு வரி எழுதினால் புண்ணியமாகப் போகும்.

சட்டத்தையும் தொட்டுவிடுகிறேன், சுருக்கமாக. சத்துமாவு விற்கிறவர்கள் ‘சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்’ என்று எழுதாதீர்கள். மருந்து என்று விற்றால் மாய நிவாரண விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் பிடிக்கும், உணவு என்று விற்றால் உணவுப் பாதுகாப்பு விதிகள் பிடிக்கும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பெரிய கம்பெனிக்கு அது ஒரு செலவுக் கணக்கு, நமக்குக் கடையே போய்விடும். உங்களுடைய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணைப் பொடி எழுத்தில் ஒளிக்காமல், படிக்கிற அளவில் போடுங்கள். அதுவும் யாரும் சரிபார்க்கக்கூடிய ஒரு சொல்தான்.

கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டுகிறார்களே, அதற்கு என்ன எழுதுவது என்று வரும்போதே ஒரு தம்பி கேட்டார். கல்லாவில் ஒருவர் வந்து, “பார்சல்ல சாம்பார் வைக்கல அண்ணே” என்றால் என்ன செய்வீர்கள்? “எங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளரே, தங்கள் கருத்துக்கு நன்றி” என்றா சொல்வீர்கள்? “அய்யய்யோ, யாருப்பா கட்டுனது?” என்று உள்ளே ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சாம்பாரைக் கொடுப்பீர்கள். அதையே எழுதுங்கள். “ராத்திரி எட்டு மணிக் கூட்டத்தில் விட்டுப்போனது, தப்பு எங்களுடையது. இப்போது கட்டியதும் இன்னொருவர் சரிபார்க்கிறார்.” அந்தப் பதில் திட்டியவருக்கு மட்டும் அல்ல. அடுத்து வரலாமா என்று யோசிக்கிற நூறு பேரும் அதை வாசிக்கிறார்கள். மைத்துனரையும் மாப்பிள்ளையையும் விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வதை நிறுத்துங்கள். ‘சூப்பர்’, ‘அருமை’, ‘வேற லெவல்’ என்று ஒரே நாளில் இருபது வந்தால் வாசிக்கிறவருக்குப் புரியாதா?

கேள்வி நேரத்துக்கு முன்பே சிந்தாமணிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் ஓர் அக்கா சீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார். நல்ல கேள்வி, அதற்குப் பதில் சொல்லிவிட்டு முடிக்கிறேன். “நாங்கள் அப்பளம் போட்டு மொத்த வியாபாரிக்குக் கொடுக்கிறோம். அவர் தன் பெயரில் பாக்கெட் போட்டு விற்கிறார். எங்களுக்குக் கடையும் இல்லை, போர்டும் இல்லை. நாங்கள் யாருக்கு என்ன எழுதுவது?”

அக்கா, உங்களுக்கு வாடிக்கையாளர் ஊர் அல்ல, இன்னும் நாலு மொத்த வியாபாரிகள். அவர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். உளுந்து மாவில் மைதா சேர்ப்பதில்லை என்பதை முதலில் எழுதுங்கள், சேர்த்தால் சேர்க்கிற அளவை எழுதுங்கள். ஓர் அப்பளம் என்ன அளவு, கிலோவுக்கு எத்தனை நிற்கும், எத்தனை மாதம் தாங்கும் என்று எழுதுங்கள். உளுந்து பர்மாவிலிருந்தும் வருகிறது, அங்கே விலை ஏறினால் இங்கே உங்கள் விலையும் ஏறும். எத்தனை நாள் முன்பாகச் சொல்லுவீர்கள் என்பதை எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயத் தாமதமாகும், அந்த மாதங்களுக்கு ஆர்டரைப் புரட்டாசியிலேயே கொடுங்கள் என்று எழுதுங்கள். காயப்போடுகிற நேரத்தில் வந்து பார்க்கலாம் என்று நேரத்தைக் குறியுங்கள். கீழே ‘இப்படிக்கு, நிர்வாகம்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். உங்கள் பெயரைப் போடுங்கள்.